பெக்கலோங்கான் செம்பு அச்சும் நாங்கள் பணம் அனுப்பிய கதையும்

மதுரை முனிச்சாலைப் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு சுங்குடிப் பட்டறை இருக்கிறது. முடிச்சுப் போடும் கைகள் குறைந்துவிட்டதால் பாதிச் சேலைகளுக்கு இப்போது மெழுகு அச்சுதான். எங்களிடம் இருந்த மரக்கட்டை அச்சில் மெல்லிய கோடு சுத்தமாக விழவில்லை. ஜாவாவில் மெழுகு வைத்துச் சாயமேற்றும் பாட்டிக் துணிக்குச் செம்புப் பட்டையை வளைத்து, பற்றவைத்து அச்சு செய்கிறார்கள். அதற்கு அங்கே ‘சாப்’ என்று பெயர். பாட்டிக் துணிக்குப் பேர்போன பெக்கலோங்கானில் இந்த வேலை செய்யும் பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். வெளிநாட்டுக் கைவினைஞருக்கு எப்படிப் பணம் கொடுப்பது என்று சிலர் கேட்டிருந்தார்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வீடியோவில் பேசினோம். நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறார்கள். நமக்குக் காலை ஒன்பது என்றால் அவர் பட்டறையில் வேலை சூடுபிடித்திருக்கும். பெரியவர் பட்டையை வளைத்துக் காட்டினார், மகள் ஆங்கிலத்தில் விளக்கினாள். மாங்காய்க் கரைக்கு இரண்டு அச்சு, பாதிப் பணம் முன்னால் என்று முடிவானது. என் வீட்டுக்காரர்தான் தயங்கினார். அதற்கு என் மாமனார், “நாம மட்டும் சாயத்துக்கும் துணிக்கும் முன்பணம் வாங்காமலா ஆர்டர் எடுக்கறோம்? அவருக்கும் செம்பு வாங்கணும்ல?” என்றார்.

தொழிலுக்கு வாங்குவதால் வங்கியில் இறக்குமதிக் குறியீட்டு எண் கேட்டார்கள். 500 ரூபாய் கட்டி ஆன்லைனில் எடுத்தோம், நம் பான் எண்ணேதான் அந்த எண். கூடவே அவர் அனுப்பிய விலைப்பட்டியலையும் கொடுத்தோம். சொந்த உபயோகத்துக்கு வாங்குபவர்களுக்கு இந்த எண் தேவையில்லை.

முன்பணம் போய்ச் சேர்ந்தது, ஆனால் முழுதாகச் சேரவில்லை. நடுவில் இருக்கும் வங்கிகள் தங்கள் கட்டணத்தை அதிலேயே கழித்துக்கொள்ளும் என்பது எங்களுக்குத் தெரியாது. பேசிய தொகையில் இருபது டாலருக்கு மேல் குறைந்தது. அவர் வாய் திறந்து கேட்கவில்லை, நாங்களாக விசாரித்த பிறகுதான் மகள் சொன்னாள். எனக்கு மனசே ஆறவில்லை. ஒரு கைவேலைக்காரருக்கு அது ஒரு நாள் கூலிக்கு மேல் இருக்கும். பணம் அனுப்பும் படிவத்தில் கட்டணம் முழுவதும் அனுப்புபவருக்கே என்று ஒரு கட்டம் உண்டு, அதைக் குறித்துக் கொடுங்கள். விட்டுப்போன தொகையை மீதிப் பணத்தோடு சேர்த்துத் தருவதாகச் சொன்னோம்.

இரண்டு மாதம் கழித்து அச்சின் படங்கள் வந்தன. மையில் தோய்த்துத் தாளில் குத்திக் காட்டச் சொன்னோம், கோடு கோடாகத் தெளிவாக இருந்தது. மறுநாள் அதே முகவரியிலிருந்து ஒரு மெயில். பழைய கணக்கில் தணிக்கை நடக்கிறதாம், மீதியைப் புதுக் கணக்குக்கு அனுப்ப வேண்டுமாம். நான் சந்தேகமே படாமல் வங்கிக்குப் போய்விட்டேன். கவுண்டரில் இருந்த அம்மா படிவத்தைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இந்தோனேசியாவுக்குன்னு சொல்றீங்க, கணக்கு எண் ஜிபின்னு ஆரம்பிக்குதே?” என்றார். அது ஐபான் எனப்படும் சர்வதேச வங்கிக் கணக்கு எண், ஜிபி (GB) என்றால் பிரிட்டன் கணக்கு. இந்தோனேசியாவில் ஐபான் முறையே கிடையாது. வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீட்டில் ஐந்தாவது, ஆறாவது எழுத்துகள் நாட்டைச் சொல்லும் என்றும் அவர்தான் காட்டிக் கொடுத்தார். போன தடவை அங்கே ஐடி (ID), அதாவது இந்தோனேசியா என்று இருந்தது.

வாசலுக்கு வந்து அங்கிருந்தே வீடியோவில் கூப்பிட்டேன். அப்படி ஒரு மெயிலே தாங்கள் அனுப்பவில்லை என்று மகள் பதறிவிட்டாள். அவர்கள் மெயிலுக்குள் யாரோ புகுந்து, எங்கள் பேச்சையெல்லாம் படித்து, சரியான நேரம் பார்த்துக் காத்திருந்திருக்கிறார்கள். பெரியவரே பழைய கணக்கு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல, மகள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். எழுதிக்கொண்டு போய்ப் பணம் கட்டினேன். அந்த வங்கி அம்மாவுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு வேறு மாதிரி ஆனது. துருக்கி பீங்கான் தட்டு என்று படம் பார்த்து கார்டில் பணம் கட்டினாள். படங்கள் வேறொருவருடையவை, தட்டு வரவே இல்லை. கார்டு வங்கியில் உடனே எழுதிக் கொடுத்ததால் பணம் திரும்பியது. பேபால் என்ற இணையப் பணச் சேவையிலும் பொருளுக்கென்று செலுத்திய பணத்துக்கு 180 நாள் வரை முறையிடலாம், ஆனால் பணம் கட்டிய நாளிலிருந்தே கணக்கு ஓடும். கைவேலைக்கு நாலைந்து மாதம் ஆகலாம், அதனால் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். நேரடியாக வங்கி வழியே போன பணத்தைத் திருப்புவது மிகக் கடினம். ஏமாந்தது தெரிந்தால் அந்த நிமிடமே வங்கிக்கும், சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கும் சொல்ல வேண்டும்.

பார்சல் தபாலில் வந்தது. பார்சல் எண்ணின் கடைசியில் ஐடி என்ற இரண்டு எழுத்து இருந்ததால், கிளம்பியது அங்கிருந்துதான் என்று முன்னமே நிம்மதி. தபால்காரரிடம் சுங்கவரி கட்டி வாங்கினோம், பொருள் வந்ததற்குச் சாட்சியாக அந்தத் தாளை வங்கியில் கொடுத்து, அனுப்பிய பணத்தின் கணக்கை முடித்தோம். முதல் சேலையின் படத்தைப் பெரியவருக்கு அனுப்பினோம். கரையை விட்டுவிட்டு, உடலில் இருக்கும் புள்ளியெல்லாம் எப்படி வந்தது என்றுதான் அவர் கேட்டார். மாமனார் கேமரா முன்னால் உட்கார்ந்து நகத்தால் துணியைக் கிள்ளி, நூல் சுற்றி முடிச்சுப் போட்டுக் காட்டினார்.

மூன்றாவது அச்சுக்கு இப்போது அளவு அனுப்பியிருக்கிறோம். கணக்கு எண்ணை மறுபடியும் அவர்கள் வாயால் கேட்டு எழுதிக்கொண்டேன்.