புதுப்பிப்பு: காபியும் தத்துவமும், அடுத்து என்ன?

ஞாயிறு காலைகளில் காபியோடு தத்துவம் பேசலாமா என்று முன்பு இதே இழையில் கேட்டிருந்தேன். பலர் "சரி, ஆரம்பியுங்கள்" என்றதால் திட்டம் ஓரளவு தயார்.

மாதிரி பாரிஸிலிருந்து. 1992-இல் மார்க் சோத்தே என்ற தத்துவ ஆசிரியர், அங்குள்ள பாஸ்டில் சதுக்கத்திலிருக்கும் கஃபே தே ஃபாரில் ஞாயிறுதோறும் யார் வேண்டுமானாலும் பேசக்கூடிய தத்துவக் கூட்டத்தைத் தொடங்கினார். பேராசிரியர் உரை கிடையாது, கேள்விதான். நாமும் அப்படியே.

முதல் தலைப்பு பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர். 1943-இல் வந்த 'இருத்தலும் இன்மையும்' நூலில் ஒரு கஃபே பணியாளரைக் காட்டுவார். அவருடைய அசைவெல்லாம் கொஞ்சம் கூடுதல் துல்லியம், கூடுதல் பணிவு. பணியாளர் என்ற வேடத்தை நடிக்கிறார். இதைத் தன்னையே ஏமாற்றிக்கொள்வது என்கிறார் சார்த்தர். எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. வேலை நேரத்தில் நடிக்காமல் யாரால் பிழைக்க முடியும்? சண்டை போட நல்ல இடம்.

அடுத்தது டென்மார்க் தத்துவவாதி கீர்க்ககார்ட். கோப்பை விளிம்புக்கு மேல் சர்க்கரையைக் குவித்து, அதன்மேல் கடுங்காபி ஊற்றிக் குடித்தவர். (சர்க்கரை நோயாளிகள் படித்தால் போதும்.)

அப்புறம், சிக்கரி கலக்கலாமா என்ற விவாதம் கடைசியில்தான். அதை முதலில் எடுத்தால் தத்துவத்துக்கு நேரமிருக்காது. சார்த்தர் பகுதியைப் படித்துவிட்டு வாருங்கள், சில பக்கங்கள்தான்.