கைத்தையலின் பின்பக்கம் கலந்து வருகிறது, விளிம்பு நார் நாராக நிற்கிறது: தோல் வேலையில் அடுத்து எதைச் சரிசெய்வது?

தோல்பழகுநர் (கேள்வி)

வணக்கம். பொழுதுபோக்காகத் தோல் வேலை செய்கிறேன். கார்டு ஹோல்டர், சாவிக்கொத்துப் பட்டை, மூக்குக்கண்ணாடி உறை வரை வந்தாயிற்று. எல்லாம் பயன்படுகிறது, ஆனால் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் குறைகள் தெரிகின்றன.

1. முன்பக்கத் தையல் ஓரளவு சாய்வாக வருகிறது. பின்பக்கம் நாலு தையல் சாய்வு, அடுத்த மூன்று நேர்கோடு, மறுபடி சாய்வு என்று கலந்து வருகிறது. ஆரம்பக் கிட்டில் வந்த 4 மி.மீ. இடைவெளி டைமண்ட் சிசலும் (தையல் துளைகளைச் சாய்ந்த கீறலாக அடிக்கும் பல்லுளி), அதே கிட்டின் 1 மி.மீ. தட்டை மெழுகு நூலும்தான் வைத்திருக்கிறேன்.

2. விளிம்பை 400 எண் உப்புத்தாள் வரை தேய்த்து, தண்ணீர் தொட்டு மர ஸ்லிக்கரால் (தேய்ப்புக்கட்டை) பர்னிஷ் செய்கிறேன், அதாவது நார் படிந்து பளபளக்கத் தேய்க்கிறேன். சில துண்டுகள் பளபளக்கின்றன. சிலவற்றில் எவ்வளவு தேய்த்தாலும் நார் எழுந்து நிற்கிறது.

3. ஓரத்தை மெலிதாகச் சீவப் போனால் கத்தி தோலைச் சுருட்டி இழுக்கிறது, ஓரம் கிழிகிறது.

விலை கூடிய சிசல் செட் வாங்கினால் இவை சரியாகுமா, இல்லை என் முறையே தப்பா? எந்த வரிசையில் பழகுவது நல்லது?

இருஊசி

சிசலை விடுங்கள், முதலில் நூலை மாற்றுங்கள். 4 மி.மீ. இடைவெளிக்கு 1 மி.மீ. தட்டை நூல் மிகத் தடிமன். துளையை நூலே அடைத்துக்கொண்டால் அது சாய்வதற்கு இடம் ஏது? 0.55 அல்லது 0.6 மி.மீ. உருண்டை பாலியெஸ்டர் மெழுகு நூல் வாங்குங்கள். பிறகு 3 மி.மீ. சிசலுக்குப் போனால் 0.45 போதும்.

பின்பக்கம் கலந்து வருவதற்குக் காரணம் வேறு. சிசல் போடுவது சாய்ந்த ஒரு கீறல். அதற்கு மேல்முனை ஒன்று, கீழ்முனை ஒன்று. ஒரே நூலின் இரு நுனியிலும் ஊசி கோத்து இரு பக்கமிருந்தும் தைப்பதால் ஒவ்வொரு துளையிலும் இரண்டு நூல் போகிறது. எந்த நூல் எந்த முனையில் உட்காருகிறது என்பதுதான் சாய்வைத் தீர்மானிக்கிறது. ஒரே ஒரு துளையில் இடம் மாறி உட்கார்ந்தாலும் அந்தத் தையல் மட்டும் நேராகப் படுத்துவிடும்.

ஆகவே ஒவ்வொரு துளையிலும் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவை இவை: எந்தப் பக்கத்து ஊசி முதலில் நுழைகிறது, இரண்டாவது ஊசி அந்த நூலுக்கு மேலே போகிறதா, கீழே போகிறதா, இறுக்கும்போது எந்தக் கை சற்று மேல்நோக்கி இழுக்கிறது, எந்தக் கை கீழ்நோக்கி. பொருளின் முன்பக்கம் எப்போதும் ஒரே கைப்பக்கம் இருக்கும்படி கிளாம்பில் மாட்டுங்கள். மூலையில் திருப்பி மாட்டும்போதுதான் பலருக்கு வரிசை கலைகிறது.

இரண்டாவது ஊசி பாதி நுழைந்ததும் நிறுத்தி, முதல் நூலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் நகர்ந்தால் நல்லது. நகராவிட்டால் ஊசி நூலைக் குத்திவிட்டது என்று அர்த்தம். அப்படியே இழுத்தால் அந்தத் தையல் சீராக இறுகாது, பிறகு பிரிப்பதும் பெரும்பாடு. அதனால்தான் இந்த வேலைக்கு முனை மழுங்கிய ஹார்னஸ் ஊசி. கூர் ஊசி நூலைத் தேடிப் போய்க் குத்தும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தாலும் பின்பக்கம் முன்பக்கத்தைவிட நேராகத்தான் படுக்கும். அங்கே கீறல் எதிர்த்திசையில் சாய்ந்திருக்கிறது. இதற்குத்தான் காஸ்ட் போடுவது. முதல் நூலைப் பின்னுக்கு இழுத்தீர்கள் அல்லவா, அதில் பின்பக்கம் கொஞ்சம் தொய்வு விழுந்திருக்கும். அந்தத் தொய்வை, வெளியே எட்டிப்பார்க்கும் ஊசி முனைக்கு மேலாகப் போட்டுவிட்டு இரண்டு நூலையும் இழுங்கள். துளைக்குள் அரை முடிச்சு மாதிரி விழுந்து, பின்பக்க நூலைச் சாய்த்துவிடும். திசை மாறிப் போட்டால் சாய்வு இன்னும் கெடும். ஐந்தாறு தையலிலேயே தெரிந்துவிடும், உடனே எதிர்ப்பக்கமாக மாற்றிக்கொள்ளலாம்.

இழுவிசை இரண்டு கையிலும் ஒன்றாக, ஒரே அளவாக இருக்கட்டும். நூல் தோலில் லேசாகப் பதிந்தால் போதும். மெல்லிய தோலில் பலம் காட்டினால் தையல் வரி நெடுக ஓரம் அலை அலையாகச் சுருங்கும்.

நூல் நீளத்தைக் கணக்குப் போட்டே வெட்டுங்கள். அடுக்கின் மொத்தத் தடிமன் 2.5 மி.மீ., துளை இடைவெளி 4 மி.மீ. என்றால் ஒரு தையலுக்கு ஒரு நூல் 6.5 மி.மீ., இரண்டும் சேர்ந்து 13 மி.மீ. அதாவது தையல் நீளத்தைப் போல 3.25 மடங்கு. கைப்பிடிக்கும் முடிப்புக்கும் சேர்த்து 4 மடங்கும், அதற்கு மேல் ஒரு சாணும் வையுங்கள். 6 மி.மீ. அடுக்குள்ள பெல்ட்டுக்கு அதே கணக்கு 5 மடங்காகிவிடும். முடிவில் இரண்டு மூன்று துளை பின்தையல் போட்டு, பின்பக்கம் ஒட்ட வெட்டி, பாலியெஸ்டர் நூலின் நுனியைச் சுடரில் லேசாக உருக்கி அழுத்துங்கள். லினன் நூல் உருகாது, ஒரு புள்ளி பசை வைக்க வேண்டும்.

பழக்கத்துக்கு 10 செ.மீ. நீளத் துண்டுகளை இரண்டு அடுக்காக ஒட்டிக்கொள்ளுங்கள். 4 மி.மீ. சிசலில் ஒரு துண்டுக்கு 25 தையல் வரும். ஒரு துண்டில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள்: காஸ்ட் உண்டு, இல்லை, மேல், கீழ், இடது ஊசி முதலில், வலது ஊசி முதலில். எதை மாற்றினீர்கள் என்பதைத் துண்டின் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். கார்டு ஹோல்டரிலேயே பழகினால் எது எதைக் கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

விளிம்புவேலை

இரண்டாவது குறைக்கு: பளபளக்காத துண்டுகள் அநேகமாகக் குரோம் டான் (குரோமிய உப்பால் பதனிட்ட) தோல். அதைத் தண்ணீர் தொட்டு எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் பர்னிஷ் ஆகாது. வெஜ் டான் (மரப்பட்டை போன்ற தாவரச் சாற்றால் பதனிட்ட) தோலின் நார் ஈரத்தில் இளகி, அழுத்தமும் உராய்வுச் சூடும் பட்டால் ஒன்றோடொன்று படிந்து அப்படியே நிற்கும். குரோம் டான் நார் அழுத்தத்தை எடுத்ததும் பழைய நிலைக்கு எழுந்துவிடும்.

ஓரத் துண்டில் சோதித்துப் பாருங்கள். மேற்பூச்சு இல்லாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஊறியதும் நகத்தால் அழுத்துங்கள். இடம் கருத்து, நகத்தடம் கலையாமல் நின்றால் வெஜ் டான். வெட்டுமுகத்தையும் கவனியுங்கள். நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம் டான். முழுக்கச் சாயம் ஏற்றிய தோலில் இந்த அடையாளம் மறைந்திருக்கும், அங்கே நகத்தடத்தை நம்புங்கள்.

வெஜ் டானுக்கு முறை இது. தைத்து முடித்ததும் எல்லா அடுக்கையும் சேர்த்து அரை மி.மீ. ஒரே வெட்டாக வெட்டிவிடுங்கள். பலர் இதைச் செய்யாமல் அடுக்குகளின் ஏற்ற இறக்கத்தை உப்புத்தாளாலேயே தீர்க்கப் பார்க்கிறார்கள். விளிம்பு உருண்டுபோகுமே தவிர சமமாகாது. அடுத்து 240 எண் தாள், பிறகு பெவலரால் (விளிம்பு முனையைச் சீவும் கருவி) இரு பக்க முனையையும் சீவுதல், பிறகு 400, 600. அடுக்கு 2 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் பெவலர் வேண்டாம், உப்புத்தாளாலேயே முனையை மழுக்குங்கள். சாயம் போடுவதானால் இந்தக் கட்டத்தில்.

ஈரம்தான் எல்லாரும் தவறும் இடம். விளிம்பு ஈரமாகத் தெரிந்தால் போதும், சொட்டக் கூடாது. ஊறிய விளிம்பை அழுத்தித் தேய்த்தால் காளான் குடை மாதிரி இரு பக்கமும் பிதுங்கும். முதலில் லேசான அழுத்தம், வேகம் அதிகம். விளிம்பு காயக் காய அழுத்தத்தைக் கூட்டுங்கள். தண்ணீருக்குப் பதில் டோகோனோலே (விளிம்பு பளபளக்கத் தடவும் பசைக்கூழ்) அல்லது டிராககாந்த் பிசின் தொட்டால் நார் இன்னும் நன்றாகப் படியும். காய்ந்தபின் 600 எண் தாளால் ஒரு முறை தடவிவிட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். இரண்டாவது சுற்றில்தான் அடுக்குக்கோடு மறையத் தொடங்கும். கடைசியில் தேன்மெழுகைத் தடவிக் கான்வாஸ் துணியால் சூடேறத் தேய்த்து முடியுங்கள். மெழுகு பட்டபின் சாயம் ஏறாது, எனவே அது எப்போதும் கடைசி.

அடுக்குக்கோடு மறையவே இல்லை என்றால் பசை கனமாக இருக்கிறது. கான்டாக்ட் சிமென்ட்டை இரு பக்கமும் மெல்லிய படலமாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து ஒட்டுங்கள். பெரும்பாலும் 10 முதல் 15 நிமிடம் ஆகும். தோலின் வழவழப்பான மேல்பக்கத்தின் மீது ஒட்டுவதானால் பசை படும் 3 மி.மீ. ஓரப் பட்டையை முதலில் சுரண்டுங்கள், இல்லாவிட்டால் உரிந்துவரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்த ஆவி நல்லதில்லை.

குரோம் டானுக்கு எட்ஜ் பெயின்ட்தான் வழக்கமான வழி. முதல் பூச்சு மெலிதாக, நன்றாகக் காயவிட்டு 600 தாள், மறுபடி மெல்லிய பூச்சு. மூன்று நான்கு சுற்று வேண்டும். ஒரே தடவையில் கனமாகப் போட்டால் மடிக்கும் இடத்தில் வெடிக்கும். விளிம்பில் மெழுகு பட்டிருந்தால் பெயின்ட் தோல் தோலாக உரியும்.

கத்திக்கூர்

மேலே இருவரும் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, வரிசையில் மட்டும் உண்டு. கத்தியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். தோலைச் சுருட்டி இழுக்கும் கத்தியால் வெட்டிய ஓரத்தில் நார் ஏற்கெனவே கிழிந்திருக்கும், அதன் மேல் எந்த விளிம்பு வேலையும் சுமாராகத்தான் வரும். அந்தப் புதுச் சிசல் செட்டுக்கான பணத்தில் ஒரு 1000 எண், ஒரு 3000 எண் சாணைக்கல் வாங்குங்கள்.

கல்லில் பிடித்தபின் ஸ்ட்ராப், அதாவது கூரை மெருகேற்றும் தோல்பட்டை. வெஜ் டான் துண்டு ஒன்றை மரப்பலகையில் ஒட்டி, பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பாலிஷைத் தேய்த்தால் ஸ்ட்ராப் தயார். கத்தியின் சாய்முகம் முழுதாகப் படும்படி வைத்து, கூர்முனை பின்னால் வரும்படி மட்டும் இழுங்கள். முன்னுக்குத் தள்ளினால் ஸ்ட்ராப் வெட்டுப்படும். இழுப்பின் முடிவில் கத்தியைத் தூக்கித் திருப்பும் பழக்கம்தான் கூரை உருட்டிவிடுகிறது. நிறுத்தி, பிறகு எடுங்கள். வேலையின் நடுவிலும் அடிக்கடி நாலைந்து இழுப்பு கொடுத்தால் கல்லுக்குப் போக வேண்டிய தேவை குறையும்.

சீவுவது கண்ணாடிப் பலகை அல்லது கிரானைட் மேல். கட்டிங் மேட் அழுந்தும், கத்தி உள்ளே இறங்கி ஓரத்தைத் துண்டித்துவிடும். ஓரத்திலிருந்து 8 முதல் 10 மி.மீ. உள்ளே தொடங்கி, ஓரத்தில் பாதித் தடிமன் மிஞ்சும்படி, மெல்லிய சீவல்களாகப் பல தடவை எடுங்கள். கத்தியைச் சற்றுக் கோணலாகப் பிடித்து அறுப்பதுபோல் நகர்த்தினால் இழுப்பு குறையும். தோலைப் பிடித்த கை கத்திக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், இதில் விதிவிலக்கே கிடையாது.

நேர்வெட்டுக்கு: அடியில் ரப்பரோ கார்க்கோ ஒட்டிய உலோக அளவுகோல், முதல் வெட்டு லேசாகத் தடம் போட, அடுத்த இரண்டு மூன்று வெட்டில் அறுபட. ஒரே அழுத்தில் வெட்டினால் தோல் இழுபட்டு கோடு வளையும், வெட்டுமுகமும் சாய்ந்துவிடும்.

தோலைத் தேர்வு செய்வதிலும் ஒரு வார்த்தை. வயிற்றுப் பகுதி இழுபடும், முதுகுப் பகுதி அவ்வளவாக இழுபடாது. பெல்ட்டும் பட்டையும் முதுகெலும்பின் போக்கிலேயே வெட்டுங்கள். கார்டு அறையின் வாய் இழுபடும் திசையில் அமைந்தால் சில மாதத்தில் தொளதொளத்துவிடும்.

தோல்பழகுநர்

மூவருக்கும் நன்றி. நகத்தடச் சோதனை செய்துவிட்டேன், முரண்டு பிடித்தவை எல்லாம் குரோம் டான்தான். இன்னும் ஒரு சந்தேகம். மூன்று அடுக்கு சேரும் இடத்தில் துளை முன்பக்கம் நேராகவும் பின்பக்கம் பாம்புபோல வளைந்தும் வருகிறது. காஸ்ட் போட்டாலும் அந்த இடம் கோணலாகத்தான் தெரிகிறது. அடுத்து மடிக்கும் வாலட் செய்யலாமா?

இருஊசி

சிசல் செங்குத்தாக நிற்கவில்லை. உட்கார்ந்து அடிக்கும்போது அது தானாகவே உங்கள் பக்கம் சாயும். அதன் பின்னால் ஒரு சிறு செங்கோண மரக்கட்டையை வைத்து, அதை ஒட்டி நிறுத்தி அடியுங்கள். முதல் பல் முந்தைய துளையில் இறங்க வேண்டும், அப்போதுதான் இடைவெளி மாறாது. நைலான் சுத்தியல், அடியில் கெட்டியான பிளாஸ்டிக் பலகை, அதற்கும் அடியில் கிரானைட். பல்முனையைத் தேன்மெழுகில் ஒரு முறை குத்தி எடுத்தால் தோலிலிருந்து சுலபமாக வெளியே வரும். பிடுங்கும்போது தோலை மறு கையால் அழுத்திப் பிடியுங்கள், ஆட்டி ஆட்டி எடுத்தால் துளை அகலமாகும். மொத்தத் தடிமன் 4 மி.மீ.க்கு மேல் போனால் சிசலால் முன்பக்கம் அடையாளம் மட்டும் போட்டு, குத்தூசியால் ஒவ்வொன்றாகத் துளைப்பது சுத்தமாக வரும்.

மூன்று அடுக்கு ஏறி இறங்கும் படி இருக்கும் இடத்தில் துளை சரியாக அந்தப் படியின் மேல் விழக் கூடாது, ஒன்று முன்னால், ஒன்று பின்னால் விழ வேண்டும். டிவைடரால் (இரு முனைக் கவராயம்) துளைகளின் இடத்தை முன்பே அளந்து பார்த்து, தேவைப்பட்டால் அறையின் வாயை ஒரு மி.மீ. நகர்த்துங்கள்.

வாலட் தாராளமாகச் செய்யலாம். கார்டு 85.6 க்கு 54 மி.மீ.; கார்டு படுக்கை வசமாக நுழையும் அறைக்குத் தையலுக்கும் தையலுக்கும் நடுவே 92 மி.மீ. விடுங்கள். வெளித்தோல் 1.2 முதல் 1.5 மி.மீ., உள்ளறைகள் 0.8. அறைகள் எல்லாவற்றின் அடிப்பகுதியும் ஒரே இடத்தில் குவிந்தால் கனத்துவிடும். கடைசி அறையைத் தவிர மற்றவற்றை T வடிவில் வெட்டி, அடியை அதனதன் உயரத்திலேயே தனித்தனியாகத் தைத்து முடித்துவிடுங்கள். வெளித்தோலை உள்தோலைவிட 4 முதல் 6 மி.மீ. நீளமாக வைத்தால்தான் மடித்தபோது உள்பக்கம் சுருங்காது. அந்த நீளத்தை முதலில் கனமான அட்டையில் வெட்டி, மடித்துப் பார்த்துவிட்டுத் தோலில் கை வையுங்கள்.