ஃபிளேர்: எகிறலா, கிளர்வா?

அனைவருக்கும் வணக்கம்.

தானியங்கிக் கியர்பெட்டியின் பழுதுபார்ப்புக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் இரண்டு நாள் போய்விட்டது: ஃபிளேர்.

வண்டி இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறுகிறது. இரண்டின் கிளட்ச் விட்டுவிட்டது, மூன்றின் கிளட்ச் இன்னும் பிடிக்கவில்லை. அந்த அரை நொடி எஞ்சினுக்குச் சுமையே இல்லை. எஞ்சின் சுற்றுவேகம் காட்டும் முள் 2000-இலிருந்து 3000-க்குத் துள்ளி, கிளட்ச் பிடித்ததும் தொப்பென்று விழுகிறது. வண்டியின் வேகம் மட்டும் கூடுவதில்லை. இந்தத் துள்ளல்தான் ஃபிளேர். ஸ்லிப் வேறு, கியர் விழுந்த பிறகும் கிளட்ச் தட்டுகள் வழுக்கிக்கொண்டே இருப்பது அது. இரண்டுக்கும் கையேட்டில் தனித்தனிச் சோதனைகள். ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவர் தவறான பக்கத்துக்குப் போய்விடுவார்.

ஸ்லிப்புக்கு 'வழுக்கல்' வைத்துவிட்டேன். ஃபிளேருக்கு?

* * *

தம்பி,

கியர், கிளட்ச் என்றே எழுதிவிட்டு ஃபிளேருக்கு மட்டும் தமிழ் தேடுகிறீர்கள். இடுப்பில் வேட்டி இல்லாதவர் தலைப்பாகைக்கு அலைவது போல இருக்கிறது. பல்லிணை, உரசிணைப்பி என்று தொடங்குங்கள். கியர்பெட்டியில் ஆயில் வழியைத் திறந்து மூடும் அந்த மின்வால்வு, சாலினாய்டு, அதற்கு வரிச்சுருள் என்ற சொல் பள்ளிப் பாடநூலிலேயே உண்டு.

ஃபிளேருக்கு 'இடைக்கிளர்வு'. கிளர், கிளம்பு, கிளறு, கிளை எல்லாவற்றிலும் மேலெழும் பொருள் இருப்பதைப் பாருங்கள். மண்ணைக் கிளறினால் அடிமண் மேலே வருகிறது. மரம் கிளைத்தால் மேலே விரிகிறது. கிளியையும் இதில் சேர்க்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

* * *

ஐயா, கிளி பறந்துவிடட்டும். நான் பணிமனையில் பாடம் எடுப்பவன். வரிச்சுருள் என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். பையன்கள் ஏதோ கம்பிச்சுருளைத் தேடிக் கிளம்பிவிட்டார்கள்.

எங்களிடம் வருபவர்கள் சொல்வது "ரேஸ் ஆகுது, இழுக்கலை" என்பதுதான். போன வாரம்கூட இதே 2-3 புகாரோடு ஒரு வண்டி வந்தது. கியர்பெட்டியை இறக்க வேண்டும் என்று வேறு யாரோ பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். குறியீடு படிக்கும் கருவியை மாட்டினால் பி0700. 'கியர்பெட்டிக் கணினி ஏதோ பதிந்து வைத்திருக்கிறது, போய்ப் பார்' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. உள்ளே பி0733 இருந்தது, மூன்றாம் கியரின் விகிதம் ஒத்துவரவில்லை என்று. ஷிஃப்ட் சாலினாய்டு ஏ-க்கு உரிய பி0750 போன்ற மின்பழுதுக் குறியீடு எதுவும் இல்லை. ஆயிலைச் சூட்டில் அளந்தோம். ஏறக்குறைய ஒரு லிட்டர் குறைவு. நிறம் சிவப்பு, கருகல் வாடை இல்லை. ஆயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். அழுத்தம் போதாமல் கிளட்ச் தாமதமாகப் பிடிக்கும். கசிந்த சீலை மாற்றி, ஆயில் நிரப்பி, கணினி பழகிவைத்திருந்த பழைய மதிப்புகளை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். சரியாகிவிட்டது. சாலினாய்டைத் தொடவே இல்லை.

அன்று ஒரு பையன் தானாகச் சொன்னான்: "முள் எகிறுது சார்." எகிறல். இதற்கு மேல் என்ன வேண்டும்?

* * *

எகிறு தெலுங்கின் எகுரு. அங்கே அதற்குப் பறத்தல் என்று பொருள். அப்புறம், அது எகிரா எகிறா? ரகரமா றகரமா என்றே தெரியாத சொல்லையா கையேட்டில் அச்சடிப்பது?

* * *

"கடிசொல் இல்லைக் காலத்துப் படினே", காலத்தோடு வந்து சேரும் சொல்லை விலக்க வேண்டாம் என்று தொல்காப்பியரே விட்டுவிட்டார், ஐயா. நீங்களும் விடுங்கள்.

* * *

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். வழுக்கல் என்றதும் தோன்றியது. லிம்ப் மோடுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? பழுது கண்டதும் கணினி சாலினாய்டுகளுக்கு மின்சாரத்தை நிறுத்தி, ஒரே கியரில் வண்டியை வீடு சேர விடுகிறதே, அதற்கு 'வழுவமைதி' பொருந்தாதா? குற்றம்தான், ஆனாலும் காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுகிறது. வழாநிலை, வழு, வழுவமைதி மூன்றும் கியர்பெட்டிக்கு அப்படியே உட்காருகின்றன. இருபது வருடம் இலக்கணம் நடத்தியும் இப்படி ஓர் எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

* * *

அம்மா, பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பது உவப்பினால் வந்த வழுவமைதி. கியர்பெட்டிக்கு என்ன உவப்பு?

* * *

வீடு போய்ச் சேர்ந்த உவப்பு ஓட்டுநருக்கு, ஐயா.

* * *

அனைவருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை வந்தேவிட்டது. எகிறலுக்கு நான்கு பேர், இடைக்கிளர்வுக்கு ஒருவர். 'கியர் எகிறல்' என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் ஃபிளேரையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். கியரும் கிளட்சும் அப்படியேதான் இருக்கின்றன. வழுவமைதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மெய்ப்புப் பார்ப்பவர் அச்சுப்பிழை என்று நினைத்து அடித்துவிட்டார். அங்கே இப்போது 'முடக்க நிலை'.

* * *

தம்பி, எகிறுவது கியர் அன்று, எஞ்சின். கியர் பாவம், சும்மா கிடக்கிறது. நீங்கள் எழுதிய தொடருக்குக் கியரே துள்ளிக் குதிக்கிறது என்றல்லவா பொருள்? அச்சுக்குப் போகாவிட்டால் சொல்லுங்கள், இடைக்கிளர்வு இன்னும் இருக்கிறது.