சேருவதற்கே பணம் கேட்கும் அஃபிலியேட் திட்டங்கள்: எல்லாமே மோசடிதானா?

கார்முகில்:
அஃபிலியேட் மார்க்கெட்டிங்கில், அதாவது பிறர் பொருளை நம் லிங்க் வழியாக விற்றுக் கொடுத்துக் கமிஷன் வாங்கும் வேலையில், புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உள்ளே நுழையவே பணம் கேட்டால் யோசிக்காமல் விலகிவிடுங்கள். அவர்களுடைய பொருளை விற்றுக் கொடுப்பவன் நான். விற்றால் எனக்குத்தான் கமிஷன் வர வேண்டும். நான் ஏன் முன்பணம் கட்ட வேண்டும்?

மூன்று வருடங்களுக்கு முன் அப்படி ஒன்றில் மாட்டினேன். முதலில் பயிற்சிக்கு என்று சின்னத் தொகை. மறுநாளே ஒரு வழிகாட்டி போனில் வந்தார், மிக அன்பாகப் பேசினார். அடுத்த நிலை உறுப்பினர் ஆனால்தான் பெரிய கமிஷன் என்றார். கட்டினேன். அதற்கும் மேல் ஒரு நிலை இருந்தது, அதற்கும் கட்டினேன். மூன்றாவது நிலையில்தான் எனக்கு உறைத்தது: நான் விற்க வேண்டிய பொருளே அந்த உறுப்பினர் கட்டணம்தான். ஒன்பது மாதத்தில் நான் சேர்த்தது ஒரே ஒருவரை, என் தங்கையின் தோழியை. அவர் கட்டிய பணத்தை என் கையிலிருந்து திருப்பிக் கொடுத்தேன். இன்றும் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

தூரிகை:
உங்கள் வலி புரிகிறது கார்முகில். ஆனாலும் கட்டணத்தை மட்டும் அடையாளமாகக் காட்டினால் புதியவர்கள் வேறு பள்ளத்தில் விழுவார்கள். ஏழு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். என்னை ஏமாற்றியவர்கள் எல்லாரும் காசு வாங்காமல் சேர்த்துக்கொண்டவர்கள்தான்.

ஒரு மென்பொருள் நிறுவனம். பெயர் வேண்டாம். கமிஷன் பாதிக்குப் பாதி என்றார்கள். என் லிங்க்கைச் சுருக்கி, அதில் எத்தனை கிளிக் விழுகிறது என்று நானே தனியாக எண்ணி வந்தேன். அவர்கள் டேஷ்போர்டில் காட்டியது என் கணக்கில் பாதியைச் சற்றுத் தாண்டியது. அதையும் பொறுத்துக்கொண்டேன். பணம் எடுக்கக் குறைந்தபட்சத் தொகை ஒன்று வைத்திருந்தார்கள். அதை எட்ட ஒரே ஒரு விற்பனை பாக்கி இருந்தபோது, 'விதிமீறல்' என்று கணக்கை மூடிவிட்டார்கள். எந்த விதி என்று கேட்டு நான்கு மின்னஞ்சல் போட்டேன், ஒரு பதிலும் இல்லை. அங்கே என்னிடம் யாரும் நுழைவுக் கட்டணம் கேட்கவே இல்லையே?

நெய்தல்:
எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறேன். ஒரு விற்பனையாளருக்காக அஃபிலியேட் திட்டத்தை நடத்துவது என் வேலை. தூரிகை, கணக்கை மூடிய விதம் அநியாயம், அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் கிளிக் வித்தியாசத்தை வைத்துத் திருட்டு என்று சொல்ல முடியாது. லிங்க்கை மெசேஜில் போட்டதும் முன்னோட்டம் காட்டுவதற்காக அந்தச் செயலியே ஒரு முறை திறந்து பார்க்கும். தேடுபொறிகளின் பாட்கள் எனும் தானியங்கி நிரல்களும் திறக்கும். சுருக்கி எண்ணும் பல கருவிகள் இதையும் கிளிக் என்றே சேர்த்துவிடும். நாங்கள் அவற்றைக் கழித்துவிட்டுத்தான் காட்டுகிறோம். நீங்கள் ஒப்பிட வேண்டியது விற்பனைகளை.

இன்னொன்று, ஏமாற்றுகிறவர்கள் உங்கள் பக்கமும் இருக்கிறார்கள். ஈபே நிறுவனத்தின் முன்னணி அஃபிலியேட் ஒருவர், கிளிக்கே செய்யாதவர்களின் கணினியில் கூட ரகசியமாகக் குக்கீயை, அதாவது யாருடைய லிங்க் வழியாக வந்தார்கள் என்று பதிந்து வைக்கும் சிறு கோப்பை, போட்டு வைத்தார். அவர்கள் பிறகு தாமாகப் போய் எதையாவது வாங்கினால் கமிஷன் இவருக்கு. அப்படி வந்தவையும் சேர்த்து மொத்தம் 2 கோடியே 80 லட்சம் டாலர் அளவுக்குக் கமிஷன் வாங்கினார். 2008-ல் ஈபே வழக்குப் போட்டது, 2014-ல் அவருக்கு 5 மாதச் சிறை. இப்படிப்பட்டவர்களால்தான் நாங்கள் ஒவ்வொரு விற்பனையையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. பணம் தாமதமாக வந்தாலே மோசடி என்றும் சொல்லிவிடாதீர்கள். அமேசானே மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்துத்தான் தருகிறது. பொருள் திரும்பி வந்தால் கமிஷனும் போய்விடும் அல்லவா?

கார்முகில்:
நெய்தல் சொல்வது வேறு விஷயம். நான் பேசுவது ஆளையே விழுங்குகிற திட்டங்களைப் பற்றி. மோப் என்ற பெயரில் ஒன்று நடந்தது. 21 படிகள், நுழைய 49 டாலர், அப்புறம் நிலைக்கு நிலை பல்லாயிரம் டாலர். 2018 ஜூனில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் நீதிமன்றம் போய் அதை நிறுத்தியது. மக்களிடம் பெற்றது 12.5 கோடி டாலருக்கு மேல் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. கிளிக் குறைந்ததால் யாரும் கடனாளி ஆவதில்லை. இதில் ஆகிறார்கள். வீட்டை அடகு வைத்துக் கட்டியவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

தூரிகை:
சரி, அதை மறுக்கவில்லை. நீங்களே சொன்னதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அங்கே பிரச்சினை கட்டணமா, கமிஷன் வந்த ஊற்றா? எழுதவும் தேடுபொறிக்கு ஏற்பப் பக்கம் அமைக்கவும் நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். அதைக் கற்றுத் தந்தவர் யாரையும் சேர்த்துவிடச் சொல்லவில்லை. அந்தப் பணம் வீண் போகவில்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: நாளை முதல் புதிதாக ஒருவர்கூடச் சேரவில்லை என்றால், எனக்கு வரும் கமிஷன் நிற்குமா? நிற்கும் என்றால் ஓடிவிடுங்கள். கட்டணம் 1 டாலராக இருந்தாலும், இலவசமாகவே இருந்தாலும்.

கார்முகில்:
கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் புதிதாக வருகிறவருக்கு அதன் பதில் எங்கே தெரியும்? எனக்கு மூன்று நிலை கட்டிய பிறகுதானே தெரிந்தது. பணம் கேட்டால் விலகு என்பது யாருக்கும் முதல் நாளே புரிகிற விதி. சில நல்ல பயிற்சிகளை அவர்கள் தவறவிட்டாலும் பரவாயில்லை.

தூரிகை:
உங்கள் விதியைப் பிடித்துக்கொண்டவர் இலவசத் திட்டத்தில் கண்ணை மூடிக்கொள்வாரே, அதுதான் என் பயம். கூப்பன் எக்ஸ்டென்ஷன்களை, அதாவது தள்ளுபடிக் கூப்பன் தேடித் தரும் பிரவுசர் இணைப்புகளை, பாருங்கள். பேபால் 2020-ல் 400 கோடி டாலர் கொடுத்து வாங்கிய ஹனி, பணம் செலுத்தும் கடைசிப் பக்கத்தில் எழுத்தாளர்கள், யூடியூபர்களின் லிங்க்கை அழித்துத் தன் லிங்க்கைப் போட்டுக்கொள்கிறது என்று 2024 டிசம்பரில் பெரிய குற்றச்சாட்டு கிளம்பியது. கடைசிக் கிளிக்குக்கே கமிஷன் என்ற முறை இருப்பதால்தான் இது சாத்தியம். வாங்குகிறவர்களுக்கு அது இலவசம். இழந்ததாகச் சொன்னவர்கள் நம்மைப் போன்றவர்கள். 2025 மார்ச்சில் கூகுள் குரோம் எக்ஸ்டென்ஷன் விதிகளை இறுக்க வேண்டி வந்தது.

நெய்தல்:
முதல் நாளே பார்க்கக் கூடியவை சில உண்டு கார்முகில். ஒப்பந்தத்தைத் திறந்து மூன்று இடங்களை மட்டும் படியுங்கள்: குக்கீ எத்தனை நாள் செல்லுபடியாகும், பணம் எடுக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு, கணக்கை மூடினால் அதுவரை சேர்ந்த கமிஷன் என்ன ஆகும். மூன்றாவதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் நான் சேர மாட்டேன். சேர்ந்த பிறகு லிங்க் வேலை செய்கிறதா என்று சோதிக்க நண்பரை வாங்கச் சொல்லாதீர்கள். பல திட்டங்களில் அதுவே விதிமீறல். மேலாளருக்கு எழுதி ஒரு சோதனை ஆர்டருக்கு அனுமதி கேளுங்கள். நேர்மையானவர் மறுக்க மாட்டார்.

யாழினி:
அண்ணன்மாரே, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இப்போதே ஒரு பதில் வேண்டும். பெரிய நிறுவனத்தின் அஃபிலியேட் குழு என்று மெசேஜ் வந்தது. பொருட்களுக்கு ரேட்டிங் கொடுத்தால் கமிஷன். முதல் இரண்டு நாள் சின்னத் தொகை நிஜமாகவே என் கணக்கில் வந்தது. இப்போது பெரிய ஆர்டர் ஒன்று வந்திருக்கிறதாம், அதைத் திறக்க நான் கொஞ்சம் பணம் போட வேண்டுமாம். சேர்ந்த கமிஷன் திரையில் தெரிகிறது. இன்று இரவுக்குள் போடாவிட்டால் போய்விடுமாம்.

தூரிகை:
போடாதீர்கள். முதலில் வந்த சின்னத் தொகை தூண்டில் புழு. திரையில் தெரியும் எண் வெறும் எண்தான், அதை அவர்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம்.

கார்முகில்:
ஒரு பைசா கூடப் போடாதீர்கள் யாழினி. போட்டால் நாளை வரி என்று கேட்பார்கள், மறுநாள் வேறொரு பெயரில் கேட்பார்கள். கமிஷன் தர வேண்டியவர் கமிஷனை எடுக்கப் பணம் கேட்கவே மாட்டார்.

நெய்தல்:
அந்த நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே முகவரி தட்டச்சு செய்து போய், இப்படி ஒரு குழு உண்டா என்று கேளுங்கள். அவர்கள் அனுப்பிய லிங்க் வழியாகப் போகாதீர்கள். வங்கி விவரம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் வங்கிக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

யாழினி:
தளத்தில் கேட்டேன், அப்படி ஒரு குழுவே இல்லை என்றார்கள். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, பணம் போட முடியாது என்று எனக்கு மெசேஜ் அனுப்பிய பெண்ணிடம் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். வங்கியில் பேசிக்கொண்டிருக்கிறேன். இதே குழுவில் இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள், அதில் இரண்டு பேர் எண் என்னிடம் இருக்கிறது. முதலில் அவர்களைக் கூப்பிடுகிறேன்.