நிலா கிடைத்தது, சனி கிடைக்கவில்லை

கேள்வி (கல்லிடைக்குறிச்சி):
130 மி.மீ. கண்ணாடி உள்ள தொலைநோக்கி வாங்கியிருக்கிறேன், குவியத்தூரம் 650 மி.மீ. மொட்டைமாடியில் வைத்து முதல் நாளே நிலாவைப் பிடித்துவிட்டேன். பள்ளங்களுக்குள் விழும் நிழல்கூடத் தெரிந்தது. சனிதான் அகப்பட மாட்டேன் என்கிறது. கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் 10 மி.மீ. லென்ஸ் போட்டுத் தேடுகிறேன். என்ன தப்பு?

பதில் (அம்பாசமுத்திரம்):
தம்பி, 25 மி.மீ. லென்ஸைப் போடுங்க. 650-ஐ 25-ஆல் வகுத்தால் 26, அதாவது 26 மடங்குதான் பெரிதாகும், ஆனால் வானம் அகலமாகத் தெரியும். சனியை நடுவில் கொண்டுவந்த பிறகு 10-க்கு மாறினால் 65 மடங்கு. வளையம் பிரிந்து தெரியும். அதற்கு முன்னால், பகலிலேயே தூரத்துச் செல்போன் கோபுர உச்சியைப் பார்த்துத் தேடுகுழலை, அதாவது மேலே இருக்கும் குறிபார்க்கும் சின்னக் குழலை, பெரிய குழலோடு நேராக்கிக்கொள்ளுங்கள். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, கண் போய்விடும். தேடுகுழலைச் சரிசெய்யாமல் நான் இரண்டு மாதம் இருட்டைத்தான் துழாவினேன்.

பதில் (பாளையங்கோட்டை):
அண்ணாச்சி சொன்னது சரி. அப்புறம், அரைமணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள், கண்ணாடியின் சூடு தணியட்டும். மாசி இரவில் தெற்கே அகத்திய நட்சத்திரத்தையும் (Canopus) பாருங்கள். டெல்லியில் அது அடிவானத்துக்கு மேலே 9 பாகைகூட ஏறாது. நமக்கு 28 பாகை.

கேள்வி கேட்டவர்:
25 போட்டேன். கிடைத்துவிட்டது அண்ணாச்சி! அம்மா கண்ணை எடுக்கவே இல்லை.