மறுமொழி: பயோஅவைலபிலிட்டி – ‘உடற்சேர்வு’ சரிப்படுமா?

நண்பர்களுக்கு வணக்கம். ‘பயோஅவைலபிலிட்டி’ (bioavailability) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘உடற்சேர்வு’ என்று வைக்கலாமா என்று கேட்டிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

> ‘உயிர்க்கிடைப்புத்திறன்’ ஏற்கெனவே இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே.

இருக்கிறது ஐயா. ஆனால் எது யாருக்குக் கிடைக்கிறது என்று படிக்கிறவருக்குப் பிடிபடாது. ‘பயோ’ என்று கண்டாலே ‘உயிர்’ போட்டுவிடுகிறோம். இங்கே கேள்வி, தின்றதில் எவ்வளவு உடம்புக்குப் பயன்படும் நிலையில் போய்ச் சேர்ந்தது என்பதுதான். “என்ன போட்டாலும் பிள்ளை உடம்புல சேரமாட்டேங்குது” என்று வீட்டில் சொல்கிறோமே, அந்தச் ‘சேர்’தான். அதனால்தான் ‘உடற்சேர்வு’ என்றேன்.

> அப்படியானால் ‘உறிஞ்சுதிறன்’ போதாதா?

போதாது அக்கா. மஞ்சளில் உள்ள குர்குமினையே எடுத்துக்கொள்ளுங்கள். குடல் அதைக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சுகிறது. உறிஞ்சியதையும் குடல் சுவரும் கல்லீரலும் உடனே உருமாற்றி வெளியேற்றப் பார்க்கின்றன. ஆக, உறிஞ்சப்பட்டதெல்லாம் சேர்ந்ததாகாது. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் என்ற பொருள் இந்த உருமாற்றத்தைத் தடுக்கிறது. 1998இல் வெளியான பெங்களூரு ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது மனிதர்களில் உடற்சேர்வு 2000 சதவீதம் கூடியது. இந்தக் கணக்கைத்தான் எல்லா வாட்சப் குழுவிலும் ரசத்தின் தலையில் ஏற்றுகிறார்கள். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். 2 கிராம் வேண்டுமென்றால் 60 கிராமுக்கு மேல் தூள் போட வேண்டும். அந்த ரசத்தை யார் குடிப்பது?

தக்காளி வேறு கதை. பச்சையாகக் கடித்தால், அதற்குச் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீன் பெரும்பாலும் செல்சுவருக்குள்ளேயே சிக்கிக் கிடக்கும். எண்ணெயில் தொக்கு வதக்கும்போது சுவர் உடையும், கொழுப்பில் கரையும் சரக்கு என்பதால் எண்ணெயோடு குடலுக்குள் ஏறும். முருங்கைக்கீரையில் உள்ள, உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டினுக்கும் எண்ணெய் வேண்டும். பொரியலில் தேங்காய்த் துருவல் போடுவது ருசிக்கு மட்டும் அல்ல. பூண்டு இதற்கு நேர்மாறு: நசுக்கினால்தான் அதன் நெடிக்குக் காரணமான அல்லிசினே உருவாகும், அதை உருவாக்கும் நொதியோ சூட்டில் செத்துப்போகும். நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு அடுப்பில் போடலாம். ஆனால் இது உருவாக்கம். உடற்சேர்வுக் கணக்கில் வராது. கட்டுரை எழுதும்போது இரண்டையும் குழப்பிவிடக் கூடாது.

மருந்தியல் நண்பர் ‘குருதிச்சேர்வு’ கேட்டிருந்தார். நரம்பூசியில் ஏற்றும் மருந்துக்கு 100 சதவீதம் என்று வைத்து அளப்பதால் அவருக்கு அது பொருந்தும். ஊட்டச்சத்துக்காரர்கள் ரத்தத்தோடு நிற்பதில்லை; இரும்பு ஹீமோகுளோபினில் போய் அமர்ந்ததா என்றும் பார்ப்பார்கள். அதனால் பொதுச்சொல்லாக ‘உடற்சேர்வு’, மருந்தியலில் தேவைப்பட்டால் ‘குருதிச்சேர்வு’ என்று வைக்கலாம்.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “சாப்பிட்டவுடன் டீ குடித்தால் கீரையிலுள்ள இரும்பின் உடற்சேர்வு குறையும்.” உறுத்தவில்லை.

அப்புறம், பைப்பரின் போல இன்னொன்றின் சேர்வைக் கூட்டும் பொருளுக்குச் ‘சேர்வூக்கி’ என்று வைக்கலாமா? உணவுக்கு மட்டும் பொருந்தினால் போதாது. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடாயின் அளவையும் பைப்பரின் ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால், அங்கே மருத்துவர் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டிய சொல் இது. ‘ஊக்கி’ என்றால் நல்லது மட்டும் செய்வதுபோல் தொனிக்கிறதோ? ‘சேர்வுகூட்டி’ என்றால் நடுநிலையாக இருக்கும், ஆனால் சொல் கொஞ்சம் மொட்டையாகத் தெரிகிறது. இந்த இரண்டில் எது என்று சொல்லுங்கள்.