'குடிச்சடங்கு' வேண்டாம், 'உண்டாட்டு' இருக்கிறதே

ஐயா, வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில், கூடி மது அருந்தும் முறையைக் குறிக்கும் 'டிரிங்கிங் ரிச்சுவல்' என்பதற்குத் தாங்கள் தந்த 'குடிச்சடங்கு' எனக்கு உடன்பாடில்லை. குடி என்றாலே இன்று குடிப்பழக்கம்தான் நினைவுக்கு வரும். 'குடி அரசியல்' என்று நீட்டினால் குடிமக்கள் அரசியலாகிவிடும். சடங்கு என்பதும் வழிபாட்டுப் பக்கம் இழுக்கிறது. யார் ஊற்றுகிறார், யார் வாங்கிக் குடிக்கிறார், அதனால் யார் யாருக்குக் கட்டுப்படுகிறார் என்பதற்கல்லவா நாம் பெயர் தேடுகிறோம்?

தொல்காப்பியம், பகைவர் ஆநிரையைக் கவர்வதைப் பாடும் வெட்சித் துறைகளில் 'பாதீடு, உண்டாட்டு, கொடை' என்று அடுத்தடுத்து வைக்கிறது. கவர்ந்த ஆநிரையைப் பங்கிடுகிறார்கள், கூடிக் கள்ளுண்டு மகிழ்கிறார்கள், பிறகு வழங்குகிறார்கள். பங்கீட்டுக்கும் கொடைக்கும் நடுவே கள் நிற்கும் அந்த இடம்தான் அரசியல். 'உண்' குடிப்பதைக் குறிக்குமா என்ற ஐயமும் வேண்டாம். குறளில் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே உண்டு.

பிற நாட்டுச் சான்றுகளுக்கும் இது பொருந்துகிறது. தென் அமெரிக்காவின் இன்கா அரசில், வரியாக உழைப்பைச் செலுத்த வந்தவர்களுக்கு அரசே சிச்சா என்ற சோள மதுவை ஊற்றியது. கேரோ என்னும் கோப்பைகளை இணையாகவே செய்தார்கள்: ஒன்று கொடுப்பவருக்கு, மற்றது பெறுபவருக்கு. வாங்கிக் குடித்தால் உறவையும் கடமையையும் ஏற்றதாகப் பொருள். இன்கா மன்னன் அதவால்பா பொற்கோப்பையில் கொடுத்த சிச்சாவை, படையெடுத்து வந்த ஸ்பானியர் கீழே கொட்டினார்கள் என்று இன்கா மரபில் வந்த தித்து குசி 1570இல் சொல்லி எழுதவைத்தார். அவர் பார்வையில் அது வெறும் மரியாதைக் குறைவன்று. உறவையே மறுத்த செயல்.

ஜெர்மனியில் 1978இல் அகழ்ந்த ஹோக்டோர்ஃப் கல்லறை வேறு வகை. கி.மு. 6ஆம் நூற்றாண்டுத் தலைவன் ஒருவனோடு சுமார் 500 லிட்டர் வெண்கல அண்டாவையும் ஒன்பது குடிகொம்புகளையும் வைத்திருக்கிறார்கள். எட்டு காட்டுமாட்டுக் கொம்பு. ஒன்று மட்டும் இரும்பால் செய்தது, ஐந்து லிட்டருக்கு மேல் கொள்ளும். யார் பெரியவர் என்று கேட்கவே வேண்டாம்.

ஆகவே பொதுச்சொல் உண்டாட்டு. தகுதி வேறுபாட்டைக் காட்டும் வகைக்கு 'வரிசை உண்டாட்டு'. வரிசை, அதாவது அவரவர் தகுதி, அறிந்து கொடுப்பதைப் புறநானூறே பேசுகிறது. இன்கா வகைக்கு, செஞ்சோற்றுக்கடன் நமக்குப் பழகிய சொல் என்பதால், 'கடன் உண்டாட்டு' என்கிறேன். கடன் வாங்கிக் குடிப்பதாக யாருக்கேனும் தொனித்தால் 'கடப்பாட்டு உண்டாட்டு' எனலாம். சற்று நீளம், ஆனால் பொருள் பிசகாது. இவ்விரண்டில் எது என்று மட்டும் தாங்கள் சொன்னால் பட்டியலில் சேர்த்துவிடலாம்.